20 சதவீத மழையும் ரெண்டு படிக் கூழ் வத்தலும்

மாடிப் படியில் இன்னும் பெருங்காய வாசனை அடிக்கிறது. வத்தல் வாசனை என்று நினைக்க வேண்டாம், வத்தல் ஆகாமல் போன மாவின் வாசனை.

நேற்றுக் காலையில், கூழ் கிண்டி முடித்த கையோடு, அம்மா வந்து எழுப்பினாள். "மழை வருமாடா? ஃபோனைப் பார்த்துச் சொல்லு." ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். 20 சதவீதம் என்று போட்டிருந்தது. 20 மார்க் எடுத்தால் ஃபெயில்தானே. "வராதும்மா, ஊத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். தப்பு அவ்வளவுதான். இதற்கு ஒரு கொலைக்குற்றம் அளவுக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

அப்பாவின் பழைய வேட்டி ரெண்டை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றி, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, காக்காய்க்குக் கறுப்புக் குடையையும் விரித்து வைத்துவிட்டு வந்தாள். மூன்று மணி வரைக்கும் வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றரைக்கு ஒரு காற்று. அப்புறம் மதுரைக்கே சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எங்கள் தெருவில் கொண்டுவந்து கொட்டின மாதிரி இருபது நிமிஷம். நாங்கள் ஓடி ஏறுவதற்குள் ரெண்டு படி அரிசியும் கூழாகவே திரும்பி, மாடிக் குழாய் வழியாக எதிர் வீட்டு அத்தை வாசல் கோலத்தில் இறங்கிவிட்டது. அந்த அத்தைக்கும் எங்களுக்கும் ஏற்கெனவே ஆகாது.

"வராதுன்னியேடா."

"20 சதவீதம்னா வரவே வராதுன்னு இல்லம்மா. இந்த மாதிரி பத்து நாள் இருந்தா அதுல ரெண்டு நாள் பெய்யும்."

"அந்த ரெண்டுல ஒண்ணு இன்னைக்குன்னு அது சொல்லாதா? என்ன, வத்தல்ல 20 சதவீதம் மட்டுமா நனைஞ்சிருக்கு?"

இதற்கு எந்த விஞ்ஞானியிடமும் பதில் இருக்காது. நம் வானிலை மையம் "ஓரிரு இடங்களில்" என்று அறிவித்தால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரைக்கும் மழை பெய்யலாம் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. சில இடம், பல இடம் எல்லாவற்றுக்கும் இப்படி அளவு வைத்திருக்கிறார்கள். அந்த ஓரிரு இடத்தில் ஒன்று எப்போதும் எங்கள் மாடியாக இருப்பது ஏன் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

இந்த நேரம் பார்த்து மகள் இங்கிலீஷ் நோட்டோடு வந்தாள். 'பிரெடிக்ட்', 'ஃபோர்காஸ்ட்' ரெண்டையும் வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுத வேண்டுமாம். மூழ்குகிறவனுக்கு வாழைமட்டை கிடைத்தது. கூடத்தில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பாடம் எடுத்தேன். பிரெடிக்ட் லத்தீன்காரன் சொல், முன்கூட்டிச் சொல்வது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஃபோர்காஸ்ட் அப்படி இல்லை, அந்தக் காலத்தில் அதற்கு முன்கூட்டித் திட்டம் போடுவது என்றுதான் பொருள். அதை வானிலைக்குக் கொண்டுவந்தவர் ஃபிட்ஸ்ராய், டார்வினை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றின பீகிள் கப்பலின் கேப்டன். 1859-இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நானூறு பேருக்கு மேல் செத்துப்போக, மனிதர் தந்தி வழியாகத் துறைமுகங்களில் இருந்து தகவல் வாங்கிப் புயல் எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தார். 1861 ஆகஸ்டில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அவர் கணிப்பு முதல்முதலாக வந்தது. இது தீர்க்கதரிசனமும் இல்லை, பிரெடிக்‌ஷனும் இல்லை, கணக்குப் போட்டுச் சொல்கிற ஓர் அபிப்பிராயம், அதனால்தான் ஃபோர்காஸ்ட் என்கிறேன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆக, நான் காலையில் சொன்னது...

"அந்த ஆளு வீட்ல வத்தல் போட்டாங்களா?" என்றாள் அம்மா.

சபை கலைந்தது. ஃபிட்ஸ்ராயையும் கணிப்பு தப்பினபோதெல்லாம் ஊரே கேலி செய்தது என்று சொல்ல வாயெடுத்தேன். யாரும் இல்லை. குடுகுடுப்பைக்காரரைப் பாருங்கள், எத்தனை வருஷமாக "நல்ல காலம் பொறக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், எந்த வீட்டிலும் அவரை நிற்க வைத்துக் கேட்டதில்லை, அரிசி போட்டு அனுப்புகிறோம். அவர் சதவீதம் சொல்வதில்லை. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

இன்றைக்கு நோட்டு திரும்பி வந்தது. அப்பா மழை வராது என்று 'ஃபோர்காஸ்டட்', அப்பத்தா வரும் என்று 'பிரெடிக்டட்' என எழுதியிருக்கிறாள். மிஸ் அந்த 'டட்'டை மட்டும் சிவப்பில் சுழித்து, இறந்த காலத்திலும் ஃபோர்காஸ்ட்தான் என்று திருத்தியிருக்கிறார். அகராதியில் ரெண்டும் சரி. போய்ச் சொல்லுங்க என்கிறாள் வீட்டுக்காரி. வார்த்தைக்கு அர்த்தம் சொல்லி நான் பட்டது போதும்.

ஆனால் ரெண்டாவது வாக்கியம் இடித்தது. "அப்பத்தா எங்கடி வரும்னு சொன்னாங்க?" என்று கேட்டேன். காலையிலேயே எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிச் சுவரில் ஏறினதாம், "இன்னைக்கு ஊத்தும்டி" என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறாள். அப்புறம் ஏன் வத்தல் ஊற்றினாயாம் என்று அடுப்படிக்குப் போய்க் கேட்டேன். "நீதான் வராதுன்னுட்டியே" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "இன்னும் ஒரு படி மாவு கிடக்கு. நாளைக்கு எப்படின்னு பார்த்துச் சொல்லு."

ஃபோனில் 10 சதவீதம் என்று இருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிச் சுவரில் எறும்பு தேடிக்கொண்டிருக்கிறேன்.