கெய்ட் வைவாவுக்காக ஒற்றைக் காலில் நின்றேன்

பிசியோதெரபி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு, 'கெய்ட்' (மனித நடை) பாடத்தின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நான் சறுக்கிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நடைச் சுழற்சியில் (ஒரு கால் தரையைத் தொட்டு, அதே கால் மீண்டும் தொடும்வரை) கால் ஊன்றியிருப்பது 60 சதவீதம், வீசப்படுவது 40 சதவீதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். தேர்வாளரோ அதைக் கேட்கவே இல்லை. எழுந்து நான்கு அடி நடந்து காட்டினார். வலது காலை ஊன்றும்போதெல்லாம் அவருடைய இடது இடுப்பு கீழே இறங்கியது. "எந்தப் பக்கத் தசைக்குப் பலம் இல்லை?" என்றார். இறங்கிய பக்கம்தானே என்று "இடது" என்றேன். போயிற்று மதிப்பெண்.

அன்றிரவு விடுதி அறையில் வலது காலில் மட்டும் நின்று, வலது இடுப்பெலும்பு விளிம்புக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அங்கிருக்கும் இடுப்புத் தசையான குளூட்டியஸ் மீடியஸ் கல்லாக இறுகியது. இடதுபுறத்தில் அந்த இறுக்கம் இல்லை. எதிர்ப்பக்க இடுப்பு விழாமல் பிடித்துக்கொள்வது ஊன்றிய பக்கத் தசைதான். வலது இடுப்பு பலவீனமானவருக்கு இடது கையில் ஊன்றுகோல் கொடுப்பதும் இதனால்தான். கோல் இடது பக்கத்தைத் தாங்கினால் வலது தசையின் சுமை குறைகிறது. தேர்வாளர் நடந்து காட்டிய அந்த டிரெண்டலன்பர்க் நடை அதற்குப் பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

இரு கால்களும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம் ஒரு சுழற்சியில் இருமுறை, சுமார் பத்துப் பத்து சதவீதம் வரும். ஓடும்போது அது காணாமல் போய், இரு கால்களும் காற்றில் இருக்கும் கணம் வருகிறது. குதிரைக்கு அந்தக் கணம் உண்டா என்ற சந்தேகத்தை 1878இல் கலிபோர்னியாவில் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் எடுத்த தொடர்ப் புகைப்படங்கள் தீர்த்தன. ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்களை நீட்டியிருக்கும்போது அல்ல, வயிற்றுக்குக் கீழே மடக்கியிருக்கும்போதுதான் நான்கு குளம்புகளும் தரையை விட்டிருந்தன. (ஆட்டின் பின்னங்காலில் பின்பக்கம் துருத்தி நிற்கும் 'முட்டி'யும் உண்மையில் கணுக்கால்தான். தேர்வுக்கு வராது, ஆனாலும் பார்த்து வையுங்கள்.)

படிப்பதற்கு ஒரு நண்பரும் கைப்பேசியும் போதும். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, வெறுங்காலுடன் நடக்கவிட்டு, பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கேமரா தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் என் அறைத்தோழன் ராணுவ அணிவகுப்புபோல் நடந்தான். நீளமான வராந்தாவாகப் பார்த்து, முதல் சில அடிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.