மூன்று நிமிடம்: சிவகாசி நாட்குறிப்பு, ஜூலை – ஆகஸ்ட் 2025

21 ஜூலை, திங்கள்

மாநிலங்களவையைப் பார்க்கக் காலை 10.50க்கே சன்சத் டிவி முன் உட்கார்ந்துவிட்டேன். 11 மணிக்கு அவைத் தலைவர் உள்ளே வந்ததும் உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து கைகூப்பினார்கள். அந்த ஒரு கணத்தில் கட்சி வேறுபாடு எதுவும் தெரிவதில்லை. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். நியமன உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். கப்பல் சரக்குச் சீட்டுகளுக்கான மசோதா நிறைவேறியது. 1856ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இது வருகிறதாம். 169 ஆண்டுப் பழைய சட்டத்தை மாற்ற ஒரே நாளில் நேரம் கிடைக்குமென்றால், 11 ஆண்டுகளாக மாறாமல் கிடக்கும், எங்களைப் போன்ற தொழிலாளர்களின் குறைந்தபட்ச வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தைப் பற்றிப் பேச மூன்று நிமிடம் கிடைக்காமலா போய்விடும்?

எங்கள் மனுவை வாங்கிக்கொண்ட உறுப்பினரின் உதவியாளர், அதை இந்தக் கூட்டத்தொடரில் நிச்சயம் எழுப்பிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இரவு: குடியரசுத் துணைத் தலைவர் தன்கர் பதவி விலகிவிட்டார். காலையில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். தூக்கம் வரவில்லை.

22 ஜூலை, செவ்வாய்

அவையின் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நடத்தினார். பீகார் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் குறித்து எதிர்க்கட்சிகள் விவாதம் கேட்டன. ஒத்திவைப்பு.

23 ஜூலை, புதன்

ஒத்திவைப்பு. என்னைப் போலவே அச்சகத்தில் உழைத்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி தொலைபேசியில், “பேசிட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை அண்ணாச்சி, நாளை பார்க்கலாம் என்றேன்.

24 ஜூலை, வியாழன்

தமிழ்நாட்டு உறுப்பினர்கள் ஆறு பேரின் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. விடைபெறும் உரைகளை முழுவதும் கேட்டேன். வைகோ 1978இல் முதன்முதலாக இந்த அவைக்குப் போனபோது நான் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த பையன். அண்ணா 1962இல் கன்னிப்பேச்சு நிகழ்த்தியதும் இதே அவையில்தான். அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அண்ணாச்சியின் குரல் தானாகவே உயரும். இப்போது அவருக்குக் குரல் எழும்புவதே இல்லை, மூச்சு வாங்குகிறது.

25 ஜூலை, வெள்ளி

கமல்ஹாசன் தமிழில் உறுதிமொழி எடுத்தார். அண்ணாச்சி பார்த்தாராம். பிறகு திங்கள் வரை ஒத்திவைப்பு.

29 ஜூலை, செவ்வாய்

ஆபரேஷன் சிந்தூர் குறித்து நீண்ட விவாதம் தொடங்கியது. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கிறார்கள், குறுக்கிடுகிறார்கள், மறுபடியும் கேட்கிறார்கள். இந்த அவைக்குப் பேசவும் தெரியும், கேட்கவும் தெரியும் என்பதை இன்று கண்ணால் பார்த்துவிட்டதால், மற்ற நாட்கள் இன்னும் கனமாக இருக்கின்றன.

31 ஜூலை, வியாழன்

மாலை 6 மணிக்கு உதவியாளர் அழைத்தார். நாளைய நேரமில்லா நேரத்துக்கு, அதாவது உறுப்பினர்கள் பொதுப் பிரச்சினைகளை எழுப்பும் வேளைக்கு, குலுக்கலில் உறுப்பினரின் பெயர் வந்துவிட்டது. பதினைந்து பேரில் ஒன்பதாவது. ஒருவருக்கு மூன்று நிமிடம், அது முடிந்ததும் ஒலிவாங்கி அணைந்துவிடும். மனுவைக் கடிகாரம் வைத்து நான்கு முறை வாசித்துப் பார்த்தேன். 2 நிமிடம் 50 வினாடி.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் மகளை அழைத்து, நாளைக் காலை டிவியை அவர் கட்டிலுக்கு எதிரே திருப்பி வைக்கச் சொன்னார்.

1 ஆகஸ்ட், வெள்ளி

ஆவணங்கள் அவையில் வைக்கப்பட்டன. அடுத்து, விதி 267இன் கீழ் வந்த ஒத்திவைப்புக் கோரிக்கைகளின் எண்ணிக்கையை வாசித்து, எதையும் ஏற்கவில்லை என்று அறிவித்தார்கள். அதுதான் நாள்தோறும் நடக்கும் முதல் மோதல். அன்றைய அலுவல்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு ஒரே பொருளைப் பேசக் கோருவதற்கான விதி அது. கடைசியாக அது ஏற்கப்பட்டது 2016 நவம்பரில், பணமதிப்பிழப்பின்போது. கேட்பவர்களுக்கு அது கிடைக்காது என்று தெரியும், மறுப்பவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். வாக்குரிமையைப் பற்றிக் கேட்பது சிறிய விஷயம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் எழுந்து நின்றிருப்பேன். ஆனால் அந்த இரண்டு உறுதிகளுக்கும் நடுவில் நசுங்குவது 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் உள்ள நேரமில்லா நேரம். கேள்வி நேரத்தை 2014இல் நண்பகலுக்கு மாற்றிய பிறகு, காலையின் முதல் கொந்தளிப்பு முழுவதும் இதன் தலையில்தான் விழுகிறது.

ஒன்பதாவது பெயர் வரவில்லை. முதல் பெயரே வரவில்லை. திங்கள் வரை ஒத்திவைப்பு. வெள்ளி பிற்பகலுக்குரிய தனிநபர் மசோதாக்களும் போயின. திருச்சி சிவாவின் திருநங்கையர் உரிமை மசோதா இந்த அவையில் நிறைவேறியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான், 24 ஏப்ரல் 2015. அமைச்சர் அல்லாத ஒருவர் கொண்டுவந்த மசோதா பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஓர் அவையைத் தாண்டியது. அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமைகளும் இருந்திருக்கின்றன.

குலுக்கலில் வந்த பெயர் அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் செல்லும். புதிதாக மனு கொடுத்து, மறுபடியும் குலுக்கலுக்குப் போக வேண்டும்.

அண்ணாச்சி கேட்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

4 ஆகஸ்ட், திங்கள்

உறுப்பினர் சிபு சோரன் காலமானார். இரங்கல் தெரிவித்து அவை ஒத்திவைக்கப்பட்டது. அது முறை.

6 ஆகஸ்ட், புதன்

கடல்வழிச் சரக்குப் போக்குவரத்து மசோதா, கூச்சலுக்கு நடுவே நிறைவேறியது. “ஆம் என்போர்”, “இல்லை என்போர்” என்று தலைமை கேட்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

இன்று வங்கிக்குப் போய்ப் பாஸ்புத்தகத்தில் பதிவு போட்டுக்கொண்டு வந்தேன். 1,671 ரூபாய். கணக்கு எனக்கு மனப்பாடம்: ஓய்வூதியச் சம்பளம் 6,500, பணிக்காலம் 18 ஆண்டு, பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். வகுக்கும் அந்த 70ஐத்தான் இரவில் யோசித்துக்கொண்டே படுத்திருக்கிறேன். அண்ணாச்சிக்கு அந்தக் கணக்கில் ஆயிரமே தேறவில்லை. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 என்று ஆக்கியபோது மேலே தூக்கிவிடப்பட்டார், அன்றிலிருந்து அங்கேயே நிற்கிறார். நாடு முழுவதும் ஓய்வூதியர்கள் கேட்பது 7,500 ரூபாயும் அகவிலைப்படியும். 32 ஆண்டு காலண்டர் அச்சிட்டவர் அவர். இந்தத் தெருவில் எத்தனை வீட்டுச் சுவரில் தேதி மாறியிருக்கிறது. அவருடைய ஆயிரம் மட்டும் மாறவில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

கடலோரக் கப்பல் போக்குவரத்து மசோதா. நிறைவேறியது. நேரமில்லா நேரம் இல்லை.

8 ஆகஸ்ட், வெள்ளி

இல்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

வருமான வரி மசோதா மாநிலங்களவையில் “நிறைவேறியது” என்று ஒரு செய்தி வாசிப்பாளர் சொன்னார். திருத்த வேண்டும் என்று கை துடித்தது. பண மசோதாவை இந்த அவை நிறைவேற்றுவதில்லை. மக்களவைக்குத் திருப்பி அனுப்புகிறது. அதற்கு 14 நாள் அவகாசம் உண்டு. பரிந்துரை செய்யலாம், மக்களவை அதை ஏற்கலாம் அல்லது விடலாம். 14 நாளில் திருப்பாவிட்டாலும் இரு அவைகளும் நிறைவேற்றியதாகவே கொள்ளப்படும். ஆக, பணத்தில் இந்த அவைக்கு இருப்பது சொல் மட்டும்தான். எங்கள் ஓய்வூதியத்தை ஒரு ரூபாய் உயர்த்தும் அதிகாரமும் அதற்கில்லை என்று எனக்குத் தெரியும். நான் அதிகாரத்தைக் கேட்கவில்லை. அச்சில் ஏறும் நடவடிக்கைக் குறிப்பில், ஒரு பக்கத்தில், இந்த ஆயிரம் ரூபாய் என்ற சொல் இருக்க வேண்டும். அதைத்தான் கேட்கிறேன். வாழ்நாள் முழுவதும் அச்சில் ஏறியதைச் சரிபார்த்தவனுக்கு அது சிறிய ஆசை அல்ல.

அடுத்த கூட்டம் 18ஆம் தேதி.

14 ஆகஸ்ட், வியாழன்

உதவியாளர் அழைத்தார். குலுக்கலை நம்ப வேண்டாம், சிறப்புக் குறிப்பாகக் கொடுக்கலாம் என்கிறார். அதில் எழுதிக் கொடுத்து அனுமதி பெற்ற வாசகத்தைத்தான் படிக்க வேண்டும். 250 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் வேண்டும்.

15 ஆகஸ்ட், வெள்ளி

தமிழில் 231 சொற்களில் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பள்ளி ஆசிரியையாக இருக்கும் மருமகள் மொழிபெயர்த்துக் கொடுத்தாள்: 402. “உயர்த்தப்படவில்லை” என்று நாம் ஒரே மூச்சில் எழுதுவது அங்கே நான்கு சொல்லாகிறது. “ஓய்வூதியத்தைக்கொண்டு” என்பதும் அப்படித்தான். இத்தனை ஆண்டு சேர்த்து எழுத வேண்டியதைச் சேர்த்தும், பிரிக்க வேண்டியதைப் பிரித்தும் திருத்தியவன், இன்று சந்தியின் விலையைத் தெரிந்துகொண்டேன்.

வணக்கமும் நன்றியும் முதலில் போயின. பிறகு திட்டத்தின் வரலாறு. பிறகு என் சொந்தக் கணக்கு. 318.

16 ஆகஸ்ட், சனி

287. அண்ணாச்சியைப் பற்றிய பத்தியை எடுத்தால் 246க்கு வந்துவிடும் என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். எடுக்கமாட்டேன் என்றேன். குரலை உயர்த்தியிருக்கத் தேவையில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

250. அண்ணாச்சி இருக்கிறார், ஒரே வாக்கியமாக: அச்சகத் தொழிலாளி, வயது 73, மாதம் 1,000 ரூபாய், அதில் மூச்சுத்திணறலுக்கான மருந்து 640 ரூபாய். எண்களையும் சொற்களாக எண்ணுவார்களா என்று தெரியாததால், எண்ணியே 250க்குள் வைத்தேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

அனுப்பியாயிற்று. துறைமுகங்கள் மசோதா நிறைவேறியது.

20 ஆகஸ்ட், புதன்

அனுமதி கிடைத்துவிட்டதாம். நாளைதான் கடைசி நாள். அண்ணாச்சி வீட்டுக்குப் போய் வாசகத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். மருந்து விலை வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். “655, தம்பி. போன வாரம் ஏத்திட்டான்” என்றார்.

21 ஆகஸ்ட், வியாழன்

ஆன்லைன் விளையாட்டு மசோதா நிறைவேறியது. அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. துணைத் தலைவர் கணக்கு வாசித்தார்: நடந்தது 41 மணி 15 நிமிடம். நட்சத்திரக் கேள்விகள், நேரமில்லா நேரம், சிறப்புக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் 285 வாய்ப்புகள் இருந்தன. நேரமில்லா நேரத்தில் பேசியவர்கள் 7 பேர். சிறப்புக் குறிப்புகள் 61.

அந்த 61இல் எங்களுடையது இல்லை.

22 ஆகஸ்ட், வெள்ளி

குளிர்காலக் கூட்டத்தொடரில் மறுபடியும் கொடுக்கலாம் என்று உதவியாளர் சொன்னார். வரைவை எடுத்தேன். 640ஐ 655 ஆக்கினேன். கார்த்திகையில் அண்ணாச்சிக்கு வயது 74, அதையும் திருத்திவைத்தேன்.