புதுமைப் பெண் பணம் வேறு கணக்குக்குப் போனால்: நாங்கள் பட்ட பாடு

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குத் தமிழக அரசு மாதாமாதம் பணம் தருகிற புதுமைப் பெண் திட்டத்தில் பெயர் சேர்ந்துவிட்டது, கல்லூரியில் கேட்டால் 'தொகை போய்விட்டது' என்கிறார்கள், ஆனால் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இப்படி மாட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் நிறையப் பேர். என் கடைசித் தங்கையும் மாதக்கணக்கில் அப்படித்தான் நின்றாள். இப்போது பணம் வந்துவிட்டது. ஆனால் அதற்காக ஒரு வங்கியில் கேட்க நேர்ந்த பேச்சு இன்னும் மனதில் உறுத்துகிறது.

விண்ணப்பத்தில் பெரிய தொல்லை இல்லை. கல்லூரியில் இதற்கென்று ஒரு ஆசிரியை இருந்தார். எமிஸ் எண் (பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தருகிற பதிவெண்), ஆதார், மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் வாங்கி அவரே ஏற்றிவிட்டார். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான் என்பதால் கேள்வியே வரவில்லை.

மாதம் 1000 ரூபாய்க்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்று சொந்தத்திலேயே கேட்டார்கள். அதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு 2013-இல் கல்யாணம் ஆனது. அப்போது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண நிதியுதவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு படித்திருந்தால் 25,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும், டிகிரியோ டிப்ளமோவோ முடித்திருந்தால் 50,000 ரூபாயும் அதே 4 கிராமும். டிகிரிக்கு இரண்டு மடங்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பணம் கல்யாணத்தை ஒட்டித்தான் வரும். மூன்று வருஷம் படிக்க வைப்பதற்கான செலவை யார் தருவது? பிளஸ் டூ முடித்த கையோடு எனக்கு வரன் பார்த்துவிட்டார்கள்.

2022 செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் தொடங்கியபோது அதே அம்மையாரின் பெயர்தான் அதற்கும் வந்தது. முன்பு தாலிக்குப் போன காசு இப்போது படிக்கிற காலத்திலேயே மாதாமாதம், அதுவும் பெண்ணின் சொந்தக் கணக்குக்கு வருகிறது. தேவதாசி முறையை ஒழிக்கக் கடைசிவரை போராடியவர் அவர். 1938-இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்து சிறைக்கும் போனார். அவர் பெயருக்கு இந்த மாற்றம்தான் பொருத்தம் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். எனக்குக் கிடைக்காதது என் தங்கைக்குக் கிடைக்கும்போது, யாரோ ஒருவரின் அசட்டையால் அது நின்றுபோக விட முடியுமா?

சரி, பணம் எங்கே போனது என்ற கதைக்கு வருகிறேன்.

கல்லூரியில் சேர்ந்ததும் பக்கத்திலிருந்த வங்கியில் தங்கை புதுக் கணக்குத் தொடங்கியிருந்தாள். அங்கே போய்க் கேட்டால், "ஆதார் லிங்க் ஆகியிருக்கும்மா, எங்க பக்கம் ஒண்ணும் தப்பில்ல" என்றார்கள். கல்லூரியில் கேட்டால், "நாங்க அனுப்புறது இல்ல, நேரா அரசாங்கத்துலருந்து வருது" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் வங்கியில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசு உதவித்தொகை நேரடியாகக் கணக்குக்கு வருவதற்கான டி.பி.டி. சீடிங் என்கிற இணைப்பு வேறு என்பதை யாருமே சொல்லவில்லை. ஆதாரை எத்தனை வங்கிகளில் வேண்டுமானாலும் கொடுத்து வைக்கலாம். ஆனால் உதவித்தொகைக்கென்று ஒரு சமயத்தில் ஒரே ஒரு வங்கிதான் ஆதாரோடு இணைந்திருக்கும். கல்லூரியில் எந்தப் பாஸ்புக் நகலைக் கொடுத்திருந்தாலும் சரி, ஆதார் வழியாக வரும் பணம் அந்த வங்கிக்குத்தான் போகும்.

அது எந்த வங்கி என்று மை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், பைசா செலவில்லை. 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். ஆனால் உள்ளே போக ஓ.டி.பி. வேண்டும். தங்கையின் ஆதாரில் இருந்தது அப்பாவின் நம்பர். அப்பா திருப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார், சாரத்தில் நிற்கும்போது போனைப் பையில் வைத்துவிடுவார். அவர் இறங்கி வந்து எண்ணைப் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை லைனிலேயே வைத்துக்கொண்டு பார்த்தோம். ஆறாம் வகுப்பு ஊக்கத்தொகைக்காகப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மொத்தமாகத் தொடங்கிக் கொடுத்தார்களே, அந்தப் பழைய வங்கியின் பெயர் வந்தது. அப்படி ஒரு கணக்கு இருப்பதே வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

பீரோவில் தேடி அந்தப் பாஸ்புக்கை எடுத்தோம். தங்கையின் பெயர், கீழே 'மைனர்', காப்பாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் கிளம்பிப் போனோம்.

கவுன்டரில் இருந்தவர் பாஸ்புக்கை வாங்கி, திரையைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பதினெட்டு ஆயிடுச்சு, கணக்கு முடங்கியிருக்கு" என்றார். மாற்றித் தாருங்கள் என்றோம். உடனே, "அப்பா எங்க? அவரக் கூட்டிட்டு வாங்க" என்றார். காப்பாளர் அம்மாதான் சார், புத்தகத்திலேயே இருக்கிறது என்று தங்கை விரலை வைத்துக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "ஆம்பளை யாரும் வரலியா? நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா யாரு பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அம்மா திரும்பிப் போகலாம் என்று என் கையைப் பிடித்தார். அவருக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. தங்கைதான் நகரவில்லை. "எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு சார், ஓட்டே போடலாம். என் கணக்குக்கு நான்தான் பதில். முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு எழுதிக் குடுங்க" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "கேக்குறது நியாயந்தானே, மேனேஜர்கிட்ட போ கண்ணு" என்றார்.

மேலாளர் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே ஒப்புக்கொண்டார். தங்கையின் ஆதார், பான், போட்டோ, கே.ஒய்.சி. என்கிற அடையாள விவரப் படிவம், புதுக் கையெழுத்து மாதிரி, காப்பாளரான அம்மாவின் கையெழுத்து. வேறு எதுவும் தேவைப்படவில்லை. இதற்கு அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்க வேண்டுமாம்!

சில நாள் கழித்துக் கணக்கு உயிர்பெற்றது. இயந்திரத்தில் பாஸ்புக்கைச் செருகினோம். வரிசையாக 1000, 1000, 1000 என்று அச்சாகிக்கொண்டே வந்தது. எங்கேயும் தொலையாமல், எல்லா மாதத்துப் பணமும் அங்கேதான் இருந்தது. அம்மா ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

அடுத்து அந்த இணைப்பைக் கல்லூரிப் பக்கத்து வங்கிக்கு மாற்றினோம். அங்கே 'ஆதார் லிங்க் பண்ணணும்' என்று மட்டும் கேட்காதீர்கள், ஏற்கெனவே ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'டி.பி.டி. வாங்க ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம்' என்று கேளுங்கள். அதில் பழைய வங்கியின் பெயரை எழுத ஓர் இடம் இருக்கும், அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்குங்கள். பிறகு இணையதளத்தில் வங்கியின் பெயர் மாறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். அப்புறம், கடையில் விரல் ரேகை வைத்து நிமிஷத்தில் கணக்குத் தொடங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உஷார். கடைசியாகச் சீடிங் ஆகிற கணக்குக்கே உதவித்தொகை திரும்பிவிடும்.

பிள்ளையின் ஆதாரில் பிள்ளையின் நம்பரே இருக்கட்டும். ஆதார் மையத்துக்கு ஒரு நடை போனால் முடிகிற வேலை அது. நாங்களும் இப்போது மாற்றிவிட்டோம்.

தகுதி பற்றித் தங்கையின் தோழிகள் நிறையக் கேட்டார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம், பயந்து விட்டுவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் 2024 கடைசியில் சேர்த்துவிட்டார்கள். அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்குக் கிடையாது. கல்லூரியில் சரியான பதில் இல்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள், திட்டம் அந்தத் துறையுடையதுதான்.

சேர்ந்திருந்த பணத்தில் தங்கை செமஸ்டர் கட்டணத்தை அவளே கட்டினாள், அப்பாவிடம் கேட்கவில்லை. பெரியப்பா வீட்டில் அவளுக்கு வரன் பேச்சை எடுத்தபோது, டிகிரி முடியட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டார். போன வாரம் அவள் வகுப்புத் தோழி ஒருத்திக்கும் இதே சிக்கல் என்று தெரிந்ததும், என்னைக் கூப்பிடாமல் தங்கையே அவளை அழைத்துக்கொண்டு அந்த வங்கிக்குப் போய் வந்தாள். அந்தப் பிள்ளையின் கணக்குக்கும் கே.ஒய்.சி. கொடுத்தாகிவிட்டது.