மைனஸ் 16

பின்னை, அதாவது போர்டின் இணைப்புக் காலை, லினக்ஸ் கர்னலிடம் கேட்பது, எரர் வந்தால் அதை நல் (‘எதுவும் இல்லை’) ஆக்கிக்கொண்டு மேலே போவது. வெப்பநிலை அளக்கும் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரில், சிப்பை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ரீசெட் பின்னுக்கு இப்படித்தான் பல வருடமாக எழுதியிருந்தது. சில போர்டுகளில் ரீசெட் ஒயர் உண்டு, சிலவற்றில் கிடையாது. இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் பவர் ஏறும்போது சிப் தானாக எழுந்துகொள்ளும். எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார், யாரும் அதைத் தொடவில்லை.

புது போர்டில் ரீசெட் பின் ஐ2சி எக்ஸ்பாண்டர் என்ற, கூடுதல் பின்கள் தரும் துணைச் சிப் வழியாக வந்தது. எக்ஸ்பாண்டரின் டிரைவர் மாட்யூலாக, அதாவது தனித் துண்டாக, தாமதமாக ஏறும். அதற்குமுன் பின்னைக் கேட்டால் கர்னல் மைனஸ் 517 தரும், அதாவது ‘இப்போது முடியாது, அப்புறம் கேள்’. 2012-இல் 3.4 கர்னலோடு வந்த ஏற்பாடு அது. எங்கள் டிரைவர் அதையும் நல் ஆக்கிவிட்டு நடந்தது. விளைவு, உறைந்துபோன போர்டை வாட்ச்டாக் தானாக ரீபூட் செய்த பிறகு சில நேரம் சிப் கடைசியாக அளந்த எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். திரையில் 92 டிகிரி என்றால் ஹீட்டரை அணைத்தாலும் 92தான்.

சரிசெய்யும் வேலை தம்பியிடம் போனது. ரிவ்யூவுக்கு வந்தபோது அவன் 517-ஐ மட்டும் திருப்பி அனுப்பியிருந்தான். மற்ற எரர்கள் பழையபடி நல். நான் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

“இல்லாட்டியும் ஓடணும்ங்கிற பின்தானேண்ணா? அதுக்காக டிரைவரையே ஏத்தாம விடணுமா?”

“இல்லைன்னா கர்னலே நல் கொடுத்துடும்ப்பா. எரர் வருதுன்னா இருக்குன்னு அர்த்தம். இருக்கு, எடுக்க முடியலை.”

“எடுக்க முடியலைன்னா நமக்கு இல்லாத மாதிரிதானே?”

கதவைத் தட்டினால் ஆளே இல்லாமல் இருப்பதும், உள்ளே ஆள் இருந்தும் திறக்காமல் இருப்பதும் ஒன்றா என்று கேட்டேன். சிரித்தான். மாற்றி எழுதினான்.

இந்த வகைப் பின்கள் (ஜிபிஐஓ) விஷயத்தில் நான் சொன்னது புத்தகப்படி சரி. ஆப்ஷனல் என்று முடியும் அந்த ஃபங்ஷன், போர்டில் என்னென்ன எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் பின்னைப் பற்றிப் பேச்சே இல்லாதபோது வரும் மைனஸ் 2-ஐ மட்டும்தான் நல் ஆக்கும். மீதி எரர்கள் நம்மிடம் வரும். நேரத் துடிப்பு தரும் கிளாக்குக்கு 5.1 கர்னலில் வந்ததும் இதே போல. மின்சாரம் தரும் ரெகுலேட்டர் முரண்டு பிடிக்கும். ஆப்ஷனல் என்று கேட்டாலும் இல்லாதபோது நல் வராது, மைனஸ் 19 வரும். சிப் கவனத்தை இழுக்க அனுப்பும் இன்டரப்டுக்கு மைனஸ் 6. ஒரே கர்னலுக்குள் ஏன் இத்தனை பழக்கமோ! தம்பியிடம் இதையெல்லாம் விளக்கியபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மெர்ஜ் ஆனது, அப்டேட் போனது. புது போர்டுகளில் 92 நிற்கவில்லை.

மாம்பழ சீசனில் போன் வந்தது. பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலை. சூப்பர்வைசர் நேராகவே ஆரம்பித்தார். “சார், அப்டேட் போட்டதுல இருந்து டெம்ப்ரேச்சரே காட்டலை. ஹீட்டர் ஆன் ஆக மாட்டேங்குது. பெங்களூரா மாம்பழம் வாசல்ல லாரி லாரியா நிக்குது.” அளவு வராவிட்டால் ஹீட்டரைப் போடாதே என்பது கண்ட்ரோலரின் விதி. அந்த விதி சரியாகவே வேலை செய்தது.

லாகில் மைனஸ் 16. பின்னை வேறு யாரோ ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) போர்டில் ரீசெட் ஒயரே கிடையாது. யாரோ வேறொரு டிவைஸ் ட்ரீயிலிருந்து நகலெடுத்தபோது ரீசெட் வரியும் கூடவே வந்துவிட்டது. அதில் இருந்த பின் எண்ணில் உண்மையில் உட்கார்ந்திருந்தது ஒரு பச்சை எல்ஈடி. பழைய டிரைவர் அந்தப் பொய்யை இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. பழைய இமேஜைத் திருப்பிப் போட்டார்கள், ஆலை ஓடியது. அந்தப் பேட்ச்சின் டிவைஸ் ட்ரீயிலிருந்து ஒரு வரியை நீக்கி அப்புறம் மறுபடி அனுப்பினோம்.

தம்பி எழுதியபடி விட்டிருந்தால் அந்த போன் வந்திருக்காது. இதை அவன் சொல்லவில்லை. மேனேஜர்தான் சொன்னார்: “ஓடிக்கிட்டிருந்த மெஷின் நின்னுது. யார் சரிங்கிறது கஸ்டமருக்கு எதுக்கு?”

அவருக்கு என்னிடம் பதில் இருந்தது. அதே மைனஸ் 16, ரீசெட் உண்மையிலேயே தேவைப்படும் போர்டில் வந்தால்? டிரைவருக்கு இரண்டும் ஒரே எண்தான். எது நகலெடுத்த பொய், எது நிஜமான சிக்கல் என்று அதற்குத் தெரிய வழியில்லை. நின்றுபோன 92-ஐ நம்பிக் கூழைக் குறைந்த சூட்டில் டின்னில் அடைப்பதைவிட, ஹீட்டர் போட மறுப்பது மேல். இதைச் சொல்லவும் செய்தேன். ஆனால் அந்த ஆலையில் அளவு ஒருநாளும் நின்றதில்லையே. அங்கே நான் தடுத்தது நடக்காத ஒன்றை. நடந்தது லாரி நின்றது.

நடுவழி ஒன்று உண்டு. எச்சரிக்கை மட்டும் லாகில் எழுதிவிட்டு ஒரு ரிலீஸ் வரை பழையபடி ஓடவிடுவது, அடுத்ததில் இறுக்குவது. கேட்க நன்றாக இருக்கிறது. பர்கூர் ஆலையில் டீமெசேஜை, அதாவது கர்னலின் லாகை, திறந்து பார்ப்பவர் யார்? எரர் என்று நின்றதால்தானே அந்தப் பொய் வரி வெளியே வந்தது என்று தோன்றும். அதைக் கண்டுபிடிக்க சீசன்தான் கிடைத்ததா என்றும் உடனே தோன்றும்.

போன வாரம் தம்பியிடமிருந்து இன்னொரு டிரைவர் ரிவ்யூவுக்கு வந்தது. ஆப்ஷனல் ரெகுலேட்டர். மைனஸ் 19 வந்தால் மட்டும் மேலே போகிறது, மற்ற எல்லா எரரும் திரும்புகிறது. நான் சொல்லிக்கொடுத்தபடியே, அச்சுப் பிசகாமல். அப்ரூவ் செய்வதற்கு முன்னால், இந்த போர்டு எந்தெந்த பேட்ச்சில் வெளியே போயிருக்கிறது, ஒவ்வொன்றின் டிவைஸ் ட்ரீ யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதினேன். அவனுக்குத் தெரியவில்லை. சேல்ஸில் கேட்டிருக்கிறேன், பட்டியல் இன்னும் வரவில்லை.