சான்றிதழுக்குப் படிக்கப் போய்ச் சான்றிதழில் மாட்டிய கதை

சர்வர்களைக் கண்காணிக்கும் ப்ரொமீதியஸ் என்ற மென்பொருளுக்கான பிசிஏ பரீட்சையை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் தடவை 71 மார்க், தேறுவதற்கு 75 வேண்டும். நாலே மார்க்கில் போச்சா என்று கேட்டவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள், ஆனால் அந்த 71-ஏ அதிகம் என்று எனக்குத்தான் தெரியும். மூன்று வாரம் வீடியோ பார்த்துவிட்டு, கிராஃபானா என்ற வரைபட மென்பொருளில் 1860 என்று எண்ணைப் போட்டு யாரோ செய்து வைத்த டாஷ்போர்டை இறக்கி, அது கலர் கலராக ஓடுவதைப் பார்த்து எனக்கு மானிட்டரிங் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு போய் உட்கார்ந்தவன் நான். இரண்டாவது முறை 88. நடுவில் நான் புதிதாக ஒரு கோர்ஸும் வாங்கவில்லை, வேலையில் ஒரு அடி வாங்கினேன், அவ்வளவுதான்.

முதலில் பரீட்சையைப் பற்றிச் சுருக்கமாக. பிசிஏ என்றால் ப்ரொமீதியஸ் சர்டிஃபைடு அசோசியேட், லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்துவது. 60 கேள்விகள், 90 நிமிடம், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, வீட்டிலிருந்தே எழுதலாம். குபெர்னெட்டிஸுக்கான சிகேஏ பரீட்சை மாதிரி ஆவணங்களைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத முடியாது. ப்ரொமீதியஸிடம் கேள்வி கேட்கும் மொழியான ப்ராம்கியூஎல் 28 சதவீதம், ப்ரொமீதியஸ் அடிப்படை 20, கண்காணிப்புக் கருத்துகள் 18, அலர்ட்டும் டாஷ்போர்டும் 18, கருவிகளிலிருந்து எண்களை எடுத்துத் தரும் எக்ஸ்போர்ட்டர் பகுதி 16. நான் கட்டியபோது 250 டாலர், அதில் ஒரு மறுதேர்வும் அடக்கம், அதனால்தான் நான் தப்பித்தேன். அவசரம் இல்லையென்றால் நவம்பர் கடைசியில் வரும் தள்ளுபடிக்குக் காத்திருங்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். சுமார் 180 ஆக்சஸ் பாயிண்ட், ஒரு வயர்லெஸ் கன்ட்ரோலர், அதற்குப் பின்னால் லாகினைச் சரிபார்க்க ஒரு ஃப்ரீரேடியஸ் சர்வர். மாணவன் போனில் வைஃபையைத் தட்டினால் அந்தக் கோரிக்கை கன்ட்ரோலர் வழியாக இந்த சர்வரின் 1812 போர்ட்டுக்கு வரும், அது சரி என்றால்தான் உள்ளே போகலாம். வளாகத்தில் இருக்கிற அத்தனை வயர்லெஸ்ஸும் இந்த ஒரு சர்வரை நம்பித்தான் நிற்கிறது. அதைக் கண்காணிக்க ப்ரொமீதியஸ் போடச் சொன்னார்கள், சரி அப்படியே பரீட்சையும் எழுதிவிடலாம் என்று நான் இறங்கினேன்.

நான் போட்டது என்ன? சர்வரில் நோட் எக்ஸ்போர்ட்டர், 9100 போர்ட். சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாம் வந்தது. ஃப்ரீரேடியஸ் சர்வீஸ் ஓடுகிறதா என்று ஒரு செக். இது நிஜ சர்வர்தான் என்று போன்களுக்குக் காட்டும் டிஎல்எஸ் சான்றிதழ் எப்போது காலாவதி ஆகும் என்று டிஸ்க்கில் இருக்கும் ஃபைலைப் படித்துச் சொல்ல ஒரு ஸ்கிரிப்ட். எல்லாம் பச்சை. முதல் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு அந்தத் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.

பரீட்சையில் தோற்ற மறு வாரம் காலை ஒன்பதே காலுக்கு ஒரு துறைத்தலைவர் போன் செய்தார். ஆன்லைன் இன்டர்னல் டெஸ்ட், லேப்டாப் எதுவும் வைஃபையில் ஒட்டவில்லை. நான் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே, சார் சர்வர் நல்லா இருக்கு, உங்க பிளாக்கில் ஸ்விட்ச் ஏதாவது ஆஃப் ஆகியிருக்கும் என்றேன். பத்து நிமிடத்தில் மூன்று பிளாக்கிலிருந்து போன். விநோதம் என்னவென்றால் சில பழைய ஆண்ட்ராய்டு போன்கள் மட்டும் ஜம்மென்று வேலை செய்தன. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போக எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

நடந்தது இதுதான். ஃப்ரீரேடியஸோடு வரும் மாதிரிச் சான்றிதழ் அமைப்பில் ஆயுள் 60 நாள் என்று இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் அதை மாற்றாமல், மாதாமாதம் புதுச் சான்றிதழ் உருவாக்க க்ரான் என்ற, நேரம் பார்த்து ஓட்டும் வசதியில் ஒரு வேலை போட்டிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் ஃப்ரீரேடியஸ் அந்தச் சான்றிதழைத் தொடங்கும்போது ஒரு தடவை படித்து மெமரியில் வைத்துக்கொள்ளும், டிஸ்க்கில் ஃபைல் மாறியதைத் திரும்பிப் பார்க்காது. முன்பெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்ததால் சர்வர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. புது யுபிஎஸ் வந்த பிறகு வாரக்கணக்கில் நிற்காமல் ஓடியது, மெமரியில் இருந்த சான்றிதழ் அன்று காலை செத்துப்போனது. என் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொண்டிருந்தது டிஸ்க்கில் இருந்த புது ஃபைலை. அந்தப் பழைய போன்கள் சான்றிதழைச் சரிபார்க்காமல் விட்டிருந்ததால் தப்பின. சர்வீஸை ஒரு ரீஸ்டார்ட் செய்தேன், எல்லாம் வந்துவிட்டது. என் முகம்தான் வரவில்லை.

இதிலிருந்து நான் வேலையையும் படிப்பையும் ஒரே மாதிரி மாற்றிக்கொண்டேன். ப்ரொமீதியஸில் 'அப்' என்று ஒரு மெட்ரிக், அதாவது ஒரு அளவு எண், இருக்கிறது, மதிப்பு 1 என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முதல் தடவை நான் படித்தேன். அதன் அர்த்தம் அந்த எக்ஸ்போர்ட்டரிடம் கேட்டேன், பதில் வந்தது என்பது மட்டும்தான். சர்வர் வேலை செய்கிறதா என்பது வேறு, மாணவன் உள்ளே நுழைய முடிகிறதா என்பது அதைவிட வேறு. பிசிஏ பாடத்திட்டத்தில் எஸ்எல்ஐ (சேவை எப்படி ஓடுகிறது என்ற அளவு), எஸ்எல்ஓ (அதற்கான இலக்கு) என்று ஒரு பகுதி வரும், பலரும் நாலு வரையறையை மனப்பாடம் செய்துவிட்டு ஓடிவிடுவார்கள். உங்கள் சர்வரைப் பயன்படுத்துகிறவர் எதை வைத்து 'வேலை செய்யுது' என்பார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், அந்த வரிதான் எஸ்எல்ஐ.

எனக்கு அந்த வரி 'ஒரு லேப்டாப் மாதிரியே முழு லாகின் செய்து பார்ப்பது' என்று வந்தது. வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் ப்ளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் இதற்கு உதவாது, அது எச்டிடிபி, டிசிபி, டிஎன்எஸ், பிங் போன்றவற்றைப் பார்க்கும், ரேடியஸுக்குள் ஓடும் டிஎல்எஸ் அதற்குத் தெரியாது. வைஃபை லாகின் செய்யும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் மென்பொருளோடு 'ஈஏபிஓஎல் டெஸ்ட்' என்று ஒரு கருவி கிடைக்கிறது, அது நிஜ கிளையன்ட் போலவே உள்ளே போய்ப் பார்க்கும், சர்வர் நீட்டிய சான்றிதழைத் தனி ஃபைலாக எடுத்தும் கொடுக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சோதனைக் கணக்கு ஒன்றை வைத்து இதை ஓட்டி, லாகின் ஆனதா, எத்தனை நொடி ஆனது, நீட்டிய சான்றிதழ் எப்போது காலாவதி ஆகும் என்ற மூன்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதினேன். நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் அதை எடுத்துக்கொள்ளும். எழுதும்போது நேராக எழுதாதீர்கள், தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் பாதி எழுதிய ஃபைலை அது படித்துவிடும்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது, நான் அதிலும் விழுந்தேன். க்ரான் நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஃபைல் அப்படியே கிடக்கும், கடைசியாக எழுதிய 1 அப்படியே இருக்கும், ப்ரொமீதியஸ் அதையே பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் அந்த ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்பதையும் கலெக்டரே ஒரு மெட்ரிக்காகத் தருகிறது, அது 15 நிமிடத்துக்கு மேல் பழசானால் தனி அலர்ட் போட வேண்டும். சில நிமிடமே ஓடும் வேலைகளுக்கு புஷ்கேட்வே என்று பாடத்தில் வரும், அங்கேயும் இதே நோய்தான், யாரும் அழிக்காவிட்டால் பழைய மதிப்பு நிற்கும். ஒன்று புரிந்தால் இன்னொன்று இலவசம்.

அப்புறம் ஃப்ரீரேடியஸின் எண்ணிக்கைகள். ஸ்டேட்டஸ் சர்வர் என்ற வசதியை இயக்கினால் 18121 போர்ட்டில், அந்த மெஷினுக்குள்ளிருந்து மட்டும், எத்தனை கோரிக்கை, எத்தனை அனுமதி, எத்தனை மறுப்பு என்று சொல்லும். கூடவே வரும் மாதிரி ரகசியச் சொல்லை மாற்றிவிடுங்கள். நான் முதலில் அனுமதியைக் கோரிக்கையால் வகுத்துப் பார்த்துப் பயந்துவிட்டேன், பத்தில் ஒன்றுகூட வரவில்லை. பிறகுதான் உறைத்தது, ஈஏபி என்ற இந்த வகை லாகின் ஒன்றுக்கே சர்வரும் கிளையன்ட்டும் பல முறை பேசிக்கொள்கின்றன, ஒவ்வொரு பேச்சும் ஒரு கோரிக்கையாக எண்ணப்படுகிறது. இன்னொன்று, சான்றிதழ் செத்த அன்று மறுப்பு எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை, ஏனென்றால் பெரும்பாலும் லேப்டாப்தான் பாதியில் விலகியது, சர்வர் மறுக்கவில்லை. அனுமதி மட்டும் சரிந்தது. எனவே இப்போதைய அனுமதி வேகத்தைப் போன வாரம் இதே நேரத்து வேகத்தோடு ஒப்பிடுகிறேன், ப்ராம்கியூஎல்லில் ஆஃப்செட் என்று போட்டு ஒரு வாரம் பின்னால் போகலாம். பொங்கல் லீவின் முதல் நாள் இது கத்தும், லீவு முடிந்த வாரம் போன வாரத்தில் யாருமே இல்லாததால் பேசாமல் இருக்கும். தெரிந்தே வைத்திருக்கிறேன்.

கன்ட்ரோலருக்கும் ஸ்விட்சுகளுக்கும், நெட்வொர்க் கருவிகளிடம் நிலையைக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர், 9116 போர்ட். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். டிராஃபிக்குக்கு 64 பிட் கவுண்டரை எடுங்கள், 32 பிட் கவுண்டர் ஒரு கிகாபிட் வேகத்தில் 34 நொடியில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும், நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கிற உங்களுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டாவது, மாணவர்களின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) லேபிளாக, அதாவது மெட்ரிக்கைப் பிரிக்கும் குறிச்சொல்லாக, வைக்காதீர்கள். நான் வைத்தேன். 4000 கருவி, 180 ஆக்சஸ் பாயிண்ட், ஒவ்வொரு ஜோடியும் ஒரு தனி சீரீஸ், அதாவது தனியாகச் சேமிக்க வேண்டிய எண் வரிசை, நடந்துகொண்டே இருக்கிற பிள்ளைகள், எல்லாம் சேர்ந்தால் 7,20,000 வரை போகலாம், அதற்கு மேல் இப்போதைய போன்கள் போலி மேக் வேறு போட்டுக்கொள்கின்றன. மூன்றாம் நாள் ப்ரொமீதியஸ் மெமரி போதாமல் விழுந்தது. கார்டினாலிட்டி என்று பாடத்தில் நான் மஞ்சள் கலர் அடித்து வைத்திருந்த வார்த்தை இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அலர்ட் பகுதியில் ஆட்களைக் குழப்புவது நேரங்கள். விதியில் 'ஃபார்' என்று பத்து நிமிடம் கொடுத்தால் அதுவரை பெண்டிங், அதன் பிறகே ஃபயரிங். அங்கிருந்து அலர்ட்டுகளை நமக்கு அனுப்பும் அலர்ட்மேனேஜருக்குப் போனபின் அது தனியாக 30 நொடி சேர்த்து வைக்கும், அந்தக் குழுவில் புதிதாக ஏதாவது சேர்ந்தால் 5 நிமிடம், ஒன்றுமே மாறாவிட்டால் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை நினைவூட்டல், இவை டிஃபால்ட். இதை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சர்வீஸை நிறுத்திவிட்டு வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள், ஒரே தடவையில் பதியும். சீரீஸே காணாமல் போனால் ஒப்பீடு எதுவும் பொய்யாகக்கூட வராது, வெறுமையாக வரும், அலர்ட் அடிக்காது, அதற்குத்தான் ஆப்சென்ட் என்ற ஃபங்ஷன். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் இதே அமைதிதான், இரவு இரண்டு மணிக்கு யாருமே லாகின் செய்யாதபோது எனக்கு நடந்தது. கன்ட்ரோலர் விழுந்தால் 180 ஆக்சஸ் பாயிண்டுக்கும் தனித்தனியாக மெயில் வராமல் தடுக்க இன்ஹிபிஷன். வளாக நெட்டே போனால் மெயில் எப்படி வெளியே போகும் என்று எங்கள் வாட்ச்மேன் கேட்டார், நியாயமான கேள்வி, இப்போது எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை வெளியில் இருக்கும் ஒரு சேவைக்கு அனுப்புகிறோம், அது நின்றால் அந்தச் சேவை எங்களுக்குப் போன் செய்யும்.

படிப்பு விஷயம். இரண்டாவது முறை ஆறு வாரம், தினம் ஒரு மணி நேரம், அதில் பாதிக்கு மேல் ப்ராம்கியூஎல். கேள்விகளைச் சொல்லக் கூடாது, ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், ஆனால் பாடத்திட்டம் வெளிப்படையாக இருக்கிறது. என் பழக்கம், வினவலை அடிப்பதற்கு முன் என்ன வரும் என்று நோட்டில் எழுதுவது, எத்தனை சீரீஸ், என்னென்ன லேபிள் மிஞ்சும் என்று, பிறகு ஓட்டிப் பார்ப்பது. முதல் வாரம் பாதிக்கு மேல் தப்பு. நொடிக்கு எவ்வளவு ஏறியது என்று சொல்லும் ரேட்டுக்கு, கேட்கும் இடைவெளியில் குறைந்தது இரண்டு சாம்பிள் வேண்டும், ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துவிட்டு ஒரு நிமிட ரேட் கேட்டால் கிராஃப் காலியாகத்தான் இருக்கும். கூட்டிவிட்டு ரேட் எடுக்காதீர்கள், ரேட் எடுத்துவிட்டுக் கூட்டுங்கள், முன்னதில் ஒரு சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலும் கணக்கு கெடும். மதிப்புகளை அளவு வாரியாகப் பிரித்து எண்ணும் ஹிஸ்டோகிராமில் கூட்டும்போது வரம்பைக் குறிக்கும் 'எல்ஈ' லேபிளை விட்டுவிட்டால் குவான்டைல் (இத்தனை சதவீதம் இவ்வளவு நொடிக்குள் என்ற கணக்கு) வராது. ஒரு மெட்ரிக்கின் லேபிளை இன்னொன்றோடு ஒட்டும் குரூப் லெஃப்ட் எனக்கு நாலு நாள் எடுத்தது, ஆக்சஸ் பாயிண்ட் மெட்ரிக்கோடு பிளாக் பெயரை ஒட்ட வேண்டிய தேவை வந்த பிறகுதான் ஏறியது. சொந்த லேப் இல்லாதவர்கள் ப்ராம்லேப்ஸ் நிறுவனத்தின் பொது டெமோ சர்வரில் பழகலாம், ஆனால் அதை உடைக்க முடியாது, உங்கள் எட்டு ஜிபி லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டால் மனசாரக் கெடுத்துப் பார்க்கலாம்.

பரீட்சை நாளில் மேசை மேல் தண்ணீர்ப் பாட்டில் தவிர வேறெதுவும் வைக்காதீர்கள், கேமராவை வைத்து அறை முழுக்கக் காட்டச் சொல்வார்கள். கேள்வியை வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கும் பழக்கம் எனக்கு, முதல் தடவை கண்காணிப்பாளர் இரண்டு முறை எச்சரித்தார். 90 நிமிடம் தாராளம், நான் 55 நிமிடத்தில் முடித்துவிட்டுக் குறித்து வைத்த ஒன்பது கேள்விக்குத் திரும்பிப் போனேன். முடிவு 24 மணி நேரத்துக்குள் மெயிலில் வரும். பதிவு செய்யும்போது பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். நம் ஊர் இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் விரிந்து அப்பா பெயராகப் பின்னால் இருக்கும், எனக்கு இரண்டும் ஒத்துப்போகாமல் முதல் தேதியே தள்ளிப்போனது, அதைச் சரிசெய்ய மூன்று மெயில் அனுப்ப வேண்டியிருந்தது.