சித்தியின் அட்டையும் மூன்று சட்டங்களும்

கடந்த தீபாவளிக்கு முந்திய வாரம் ஹட்டன் நகரில், பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் நின்று தடுமாறிய என் சித்திக்கு, நன்றாகத் தமிழ் பேசிய ஓர் இளைஞன் உதவ முன்வந்தான். தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அவருடைய ஊழியர் சேமலாப நிதிப் பணம் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. சித்தி இரகசிய இலக்கத்தை வாயாலேயே சொன்னார்; கேட்ட ஐயாயிரம் ரூபாவும் வந்தது; அட்டையும் கைக்குத் திரும்பியது. திரும்பியது அதே வங்கியின் அதே நிறத்து அட்டைதான், ஆனால் வேறு யாருடையதோ. ஐந்து நாட்கள் கழித்துத்தான் அது எங்களுக்குத் தெரிய வந்தது, ஏனென்றால் வங்கியின் குறுஞ்செய்திகள் அனைத்தும் அவருடைய மகன் எப்போதோ கைவிட்ட தொலைபேசி இலக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அதற்குள் அறுபத்தெட்டாயிரம் ரூபா போய்விட்டது.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடி வாசித்தேன். இலங்கையில் இதற்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் இருக்கிறது. போலி அட்டையால் பணம் எடுப்பதோடு அது நின்றுவிடவில்லை. போலியான அல்லது தனக்கு உரிமையில்லாத அட்டையை மோசடி நோக்கத்துடன் வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. திருடப்பட்ட அட்டையும் இதில் அடங்கும். ஆகவே, சித்தியிடம் மாற்றிக் கொடுப்பதற்காக இன்னொருவருடைய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோதே அவன் குற்றத்துக்குள் கால் வைத்துவிட்டான் என்பது என் வாசிப்பு.

ஏமாற்றி ஒருவருடைய பொருளைப் பெற்றுக்கொள்வதற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அட்டைகளே இல்லாத காலத்துச் சட்டம் அது, இன்றைக்கும் பொருந்துகிறது. அட்டையைத் தொடாமல் இணைய வழியாகக் கணக்குக்குள் நுழைகிறவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு. அனுமதியின்றி நுழைந்தாலே ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றவாளி வெளிநாட்டில் இருந்தாலும், இங்கு வசிப்பவருக்கு நட்டம் நேர்ந்தால் அந்தச் சட்டம் பொருந்தும்.

இவை எல்லாம் திருடனுக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்கின்றன. சித்தியின் கேள்வியோ, "என் காசு வருமா?" என்பது. வங்கியில் அதற்குக் கிடைத்த பதில் சுருக்கமானது: சரியான இரகசிய இலக்கம் பாவிக்கப்பட்டிருக்கிறது, அறிவிக்கும் வரையான நட்டம் அட்டைதாரருடையது. அட்டையோடு கொடுத்த தாளில் இது ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. தமிழ் மட்டும் வாசிக்கும் ஒருவரிடம் அந்தத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கே போன எங்கள் பெரியப்பாவின் மகன் தமிழ்நாட்டுக் கோத்தகிரியில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "அங்கேயும் ரிசர்வ் வங்கி மாதிரி ஒன்று இருக்குமே தம்பி" என்றார். அவர் இருக்கும் நாட்டு விதி இதுதான்: 2017 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ பிழையில்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போயிருந்து, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்துவிட்டால், அவருக்கு நட்டம் எதுவும் கிடையாது. ஆனால் இரகசிய இலக்கத்தைத் தானே வெளியிட்டவர், வங்கிக்கு அறிவிக்கும் வரை போன பணத்தைத் தானே சுமக்க வேண்டும். கோத்தகிரியில் இருந்திருந்தாலும் சித்திக்கு இதே கதிதான் என்று அண்ணனும் நானும் பேசி முடித்தோம்.

பொலிஸில் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டது. சித்தி கையெழுத்துப் போடும் முன்பு அதை வாசித்துத் தமிழில் சொல்லும்படி கேட்டேன். "அட்டை தொலைந்தது" என்றுதான் எழுதியிருந்தார்கள், மாற்றிக் கொடுக்கப்பட்டது என்ற செய்தியே அதில் இல்லை. தொலைந்த அட்டை ஒன்று, ஏமாற்றிப் பறிக்கப்பட்ட அட்டை வேறொன்று. 403ஆம் பிரிவு இரண்டாவதற்குத்தான். எழுதியவர் முகம் சுளித்தாலும் திருத்திக் கொடுத்தார். சித்தியிடம் மிஞ்சிய அந்த அந்நிய அட்டையையும் அங்கேயே ஒப்படைத்தோம். அதன் சொந்தக்காரரும் எங்கோ ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

இயந்திரத்துக்கு மேலுள்ள கமராவின் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி வங்கி முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கியிருக்கிறோம். அன்றே சித்தியின் கணக்கில் தொலைபேசி இலக்கத்தையும் மாற்றினோம். இப்போது பணம் எடுத்தால் குறுஞ்செய்தி என் கைபேசிக்கு வருகிறது. அது ஆங்கிலத்தில் இருப்பதால், நான் வாசித்துவிட்டுத் தோட்டத்துக்கு அழைத்துச் சொல்கிறேன்.