இமயத்துக்குப் பதிவு செய்தவர்கள் சேர்வராயனில் நடக்கலாம்

இமயமலையில் மலையேற்றம், ரிஷிகேசத்தில் கங்கையின் நீரோட்டத்தில் ரப்பர் படகு, இமாசலத்தின் பீர் பில்லிங்கில் பாராகிளைடிங், அந்தமானில் ஸ்கூபா, சென்னைக்கருகே கோவளத்தில் அலைச்சறுக்கு என்று, பனியும் ஆறும் கடலும் ஒருங்கே அமைந்த இந்நாட்டில் சாகசப் பயணத்துக்குப் பஞ்சமே இல்லை. சேலத்திலும் இந்த ஆர்வம் நன்றாகவே பரவியிருக்கிறது. ஆனால் இமயத்துக்குப் பணம் கட்டிவிட்டு, புறப்படுவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது பூங்காவைச் சுற்றிச் சமதரையில் நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. வடக்கே நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை நிற்கிறதே!

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேர்வராயன் குகைக்கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரையும் தாண்டுகிறது. புதியவர்களுக்கான இமயப் பயணங்களில் ஒரே நாளில் ஏறும் உயரம் பெரும்பாலும் 1,000 மீட்டரை எட்டுவதில்லை. ஆகவே கால்களைப் பழக்குவதற்கு வேண்டிய ஏற்றம் ஊருக்கு மிக அருகிலேயே கிடைக்கிறது.

இதற்கு நான் பரிந்துரைப்பது, அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மேலே குண்டூருக்குச் செல்லும் பாதையை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழித்தடங்களில் இதுவும் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். காட்டுக்குள் நடப்பதற்கு இத்தனை கட்டுப்பாடா என்று சலித்துக்கொள்பவர்கள், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்ததை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கீழே முள்மரங்களும் காய்ந்த புல்லும் வெப்பத்தை உமிழும் பாறைகளுமாக இருக்கும் மலை, உயரம் கூடக் கூடக் குளிர்ந்துகொண்டே வந்து, மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டமாக மாறிவிடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறேழு டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்ததை உடம்பு நேரில் உணரும் இடம் அது. காட்டெருமை நடமாட்டம் உண்டென்பதால், வழிகாட்டி நிற்கச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் நின்றுவிடுவதே நல்லது.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் பயிற்சி அதிகம். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. சமதரை நடையில் இந்த வேலை அவற்றுக்கு மிகக் குறைவு. அன்று மாலை ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீட்டு மாடிப்படி இறங்கும்போதுதான் தெரியும். சிறு சிறு அடியாக, முழங்காலைச் சற்றே மடக்கி வைத்து இறங்க வேண்டும். விரல் நுனி ஷூவின் முனையில் இடிக்காதபடி கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டி, கால் நகங்களை முன்கூட்டியே வெட்டிவிட வேண்டும். "தம்பி, குச்சி ஒண்ணு கையில வெச்சுக்கங்க, எறங்கறப்ப வேணும்" என்று மலைவாசி ஒருவர் என்னிடம் சொன்னார். ஆயிரக்கணக்கில் விலை போகும் மலையேற்றக் கோல்களும் செய்வது அதைத்தான்.

சேர்வராயன் கற்றுத்தர முடியாதது ஒன்று உண்டு. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைந்து, மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவதால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். எவ்வளவு வலுவான கால்கள் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலிருக்கும் லடாக்கின் லே நகருக்கு விமானத்தில் போய் இறங்குபவர்கள் முதலிரண்டு நாள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஏற்காட்டில் எத்தனை முறை ஏறியிருந்தாலும் அந்த ஓய்வைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

நடையோடு சைக்கிளையும் சேர்த்துக்கொள்ளலாம். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சேலம்-ஏற்காடு மலைப்பாதை மூச்சுக்கு நல்ல பயிற்சி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கார்களுக்கிடையில் அது வெறும் வேதனை. ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு சாலையான குப்பனூர் வழியில் வண்டிகள் குறைவு. திரும்பி இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும் என்பதால், வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு விட்டுவிட வேண்டும். மேலேறி வரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. விடுதிகளில் கம்பியில் தொங்கவிடும் விளையாட்டுகளும் உண்டு. குழந்தைகள் மகிழ்வார்கள், அவ்வளவுதான்.

மழை ஓய்ந்த டிசம்பரும் ஜனவரியும் இந்த நடைக்கு மிக ஏற்ற மாதங்கள். பிப்ரவரி வாக்கில் காட்டுத்தீ அபாயம் கருதி வழித்தடங்களை மூடிவிடுவதுண்டு என்பதால், மே மாதத்தில் இமயம் செல்ல இருப்பவர்கள் பொங்கல் விடுமுறைக்கே முன்பதிவு செய்துவிடுவது நல்லது.